ஒரு சாண் மேலே

குறுக்கே யாரும் வரவில்லை. எதிரே சாலை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. இருந்தும் பிரேக்கம்மா காலை அழுத்திவிட்டாள். கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்து, ஏதோ முணுமுணுத்தபடி ஒதுங்கிப் போனான்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்து வெகுகாலம் ஆயிற்று. கற்றுக்கொள்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் எந்நேரமும் பாதத்தை வைத்திருப்பது அவள் வேலை. காரணமில்லாமல் மிதித்தாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனாக்கா?" என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள். ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்ப்பவள். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள்.

"வண்டில ஒண்ணும் பண்ணல. இப்ப என்ன கேட்டீங்க?"

"டாய்லெட் சீட்ல உட்கார்ந்தா மட்டும் வலி கொறையுதான்னு கேட்டேன்."

குறைந்தது. நாற்காலியிலோ சோபாவிலோ கால்மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாதவளுக்கு, நடுவில் ஓட்டை விட்ட அந்த பிளாஸ்டிக் வளையத்தில் மட்டும் நிம்மதி இருந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். "உள்ள குடித்தனம் நடத்துறியா?" என்று வெளியிலிருந்து கணவர் குரல் கொடுப்பார். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எங்கே வலிக்கிறது என்றும் சொல்லவேண்டியிருக்கும்.

வலித்த இடத்துக்கு அவள் வளர்ந்த வீட்டில் பெயர் கிடையாது. சின்னவளாக இருந்தபோது "அங்க" என்றார்கள். பெரியவளான பிறகு அதுவும் இல்லை. தொடையிடுக்கிலிருந்து ஆசனவாய் வரை, இடப்பக்கமாக, பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்தாற்போல் எரிந்தது. முதலில் பார்த்த டாக்டருக்கு அவள் அப்பா வயது. கோப்பைப் பார்த்தபடி, "என்னம்மா பண்ணுது?" என்றார். "முதுகு வலி" என்றாள். வலியை ஒரு சாண் மேலே தள்ளிச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த ஒரு சாண் அவளை இரண்டு வருடம் அலைக்கழித்தது.

முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுக்கு பெல்ட் கொடுத்தார்கள். வயிற்றையும் இடுப்பையும் உள்ளிழுத்து இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவள் தவறாமல் செய்தாள். வலியும் தவறாமல் கூடியது. கணவர் மெத்தையைத் தூக்கிவிட்டுப் பலகை போட்டார். வேலை முடிந்து வந்ததும் கை கழுவிக்கொண்டு தைலம் தேய்த்துவிட்டார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். விரலெல்லாம் காய்ப்பு. வலியே இல்லாத இடத்தில் அவர் அக்கறையாகத் தேய்க்க, அவள் குப்புறப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

"தேவலையா?"

"தேவல."

அந்தக் கை தப்பித்தவறிக் கொஞ்சம் கீழே இறங்கினால் அவள் உடம்பு கட்டையாகிவிடும். நாளாக ஆக, கை இறங்குவதை நிறுத்திக்கொண்டது. பிறகு அவரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டார். உட்கார முடியாவிட்டால் வேலை போகும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இன்னொன்றும் போய்க்கொண்டிருந்தது. அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றாள் பிரேக்கம்மா, நின்ற காரில் இருந்தபடியே.

"முதுகு வலிக்காரங்க முதுகத் தாங்குவாங்க. நீங்க எடது பக்கத்தத் தூக்கிக்கிட்டு உட்கார்றீங்க. முட்டை மேல உட்கார்ந்த கோழி மாதிரி."

பிரேக்கம்மாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். சிரிப்புதான் வந்தது. பின்னால் இன்னொரு ஹார்ன் கேட்டது. "மொதல்ல வண்டிய எடுங்க தாயே" என்றாள்.

மருத்துவமனை அறையில் மேசைமேல் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்று இருந்தது. அதன் உட்புறம் மஞ்சள் கயிறுபோல் ஒரு நரம்பு வளைந்து போயிற்று. "எங்கன்னு இதுல காட்டுங்கக்கா" என்றாள் பிசியோதெரபிஸ்ட். தன் உடம்பில் ஒருநாளும் அந்த இடத்துக்குப் போகாத விரல், பிளாஸ்டிக்கில் தயங்காமல் போய் நின்றது. பிறகு திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் பரிசோதித்தாள். ஓரிடத்தில் மெல்ல அழுத்தியதும் பிரேக்கம்மாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. "அதுதான், அதேதான்" என்றாள். காணாமல் போன பிள்ளையை அடையாளம் காட்டுகிறவள் குரல் அது.

"நாள் பூரா பிரேக் மேல காலை வச்சிக்கிட்டே இருக்கீங்கல்ல. உள்ள இருக்கிற தசையும் அப்படியே இறுகிக் கெடக்கு. நரம்பு அதுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்துது. அந்த இறுக்குற பயிற்சிய இன்னியோட நிறுத்துங்க. நீங்க விடத்தான் கத்துக்கணும்."

"விடுறதுக்கு ஒரு பயிற்சியா?"

"ஸ்டியரிங்கக் கெட்டியாப் புடிக்காதீங்க, புடிக்காதீங்கன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லி உங்க தொண்டை வறண்டு போச்சு. எனக்கு வந்துச்சா?"

மூச்சை வயிறுவரை விடக் கற்றுக்கொடுத்தாள். நரம்பு வலிக்கென்று இருக்கும் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினாள். அந்த டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிவிட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நரம்பின் பக்கத்தில் ஊசி போடலாம் என்றார். துணைக்கு ஒருவர் வரவேண்டும்.

"வீட்ல அவருகிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"முதுகுன்னு சொல்லியிருக்கேன்."

"ஊசி முதுகுல இல்லியேக்கா."

அன்று மாலை அவர் தைல டப்பாவோடு வந்து நின்றார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்தாள்.

"இன்னிக்கு வேணாங்க."

"ஏன், வலி இல்லியா?"

"எனக்கு முதுகு வலியே கெடையாது."

குழாயை மூடினாள். திரும்பாமலே சொன்னாள். எந்த நரம்பு, எங்கிருந்து எங்கே போகிறது, எங்கே எரிகிறது, எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியிடம் சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினாள். காணோம்.

"நான் வேற மாதிரி நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"என்னன்னு?"

"என் கை பட்டாலே உனக்கு ஆகலன்னு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "தொட்டா வலிக்கும்னு பயம். அந்தக் கைமேல எனக்கு என்ன வருத்தம்?"

அவர் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். "கம்ப்ரஸர்ல கோளாறுன்னா கம்ப்ரஸர்லன்னு சொல்லணும். நீ என்னய இத்தன நாளா கதவத் தொடைக்க விட்டிருக்க."

அவள் சிரித்தாள். சிரித்தால் கீழே சுண்டியிழுக்கும். இழுத்தது. மறுபடியும் சிரித்தாள்.

ஊசி போடும் நாளன்று மருத்துவமனையில் கூட்டம். முகப்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி, "என்ன பிரச்சினை?" என்றாள். "முதுகு…" என்று கணவர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். "முதுகு இல்ல" என்றாள் பிரேக்கம்மா. கற்றுக்கொள்பவர்களுக்கு வழி சொல்லும் அதே குரலில் எங்கே என்று சொன்னாள். பின்னால் நின்ற பெரியவர் செருப்பைக் குனிந்து பார்த்தார். முகப்புப் பெண் தட்டச்சு செய்துவிட்டு, "இடதா, வலதா?" என்றாள். அவ்வளவுதான் விஷயம்.

ஊசி ஒன்றும் மாயம் செய்துவிடவில்லை. சில நாள் மரத்துக் கிடந்தது, பிறகு எரிச்சல் எட்டிப் பார்த்தது, பிறகு தணிந்தது. மாத்திரை வாயை உலர்த்தியது. நடுவில் பள்ளம் விட்ட மெத்தைத் திண்டு ஒன்று காருக்கு வந்தது. மணிக்கொரு தடவை இறங்கி நடந்தாள். சாலை காலியாக இருக்கும்போது பாதத்தைப் பிரேக்கிலிருந்து எடுத்துக் கீழே வைக்கப் பழகினாள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். முன்பு வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்த வலி, மெல்ல மெல்ல விருந்தாளி மாதிரி ஆயிற்று. சொல்லாமல் வரும். ஆனால் போகும்.

ஒரு விடுமுறை நாளில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ்ஸில் பாதி இடம் காலி. காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவள் வழக்கம். அவர் கேட்கக்கூட இல்லை, தானும் நிற்கத் தயாரானார். அவள் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாப்பாடு பலம். வெயில் வேறு. நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவர் தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அவள் மூச்சை வயிறுவரை விட்டுப் பார்த்தாள். இடப்பக்கம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டது.

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. முன்வாசலில் இரண்டு பேர் இறங்கினார்கள். "வேற யாராவது எறங்கணுமா?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

கதவு மூடிக்கொண்டது. பஸ் கிளம்பிய குலுக்கலில் அவர் தலை ஒருமுறை தூக்கிப்போட்டு, திரும்பவும் அதே இடத்தில் வந்து அமர்ந்தது. நிறுத்தத்தின் தகரக்கூரை, அடுத்து அவர்கள் தெருமுனை, அடுத்து அவள் அதிகம் பார்த்திராத ஒரு நீளமான மதில் சுவர், எல்லாம் ஜன்னலில் மெல்லப் பின்னோக்கிப் போயின.