வெளியே போன ஆய்வேடு

1

இந்தக் கதை ஒரு போனில் பிறந்தது. பல்கலைக்கழக நூலகக் கவுன்டரில் இருக்கும் ஆக்ஸிலியா கூப்பிட்டு, "ஒரு பொண்ணு மூணாவது தடவையா வந்துட்டுப் போகுது சார்" என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்று பிறகு சொல்கிறேன்.

2

'கொடைக்கானலில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த...'

சீ, டூரிஸ்ட்டுக்கு எழுதுகிற வரி. அந்தப் பொண்ணு ரம்யா பனி பார்க்கவா வந்தாள்? ஆடலூருக்குக் கீழே, காட்டுக்குள் இருக்கிறது அவள் குடியிருப்பு. வெள்ளனே கிளம்பி ரெண்டு பஸ் மாறி வந்தாள். எழுபது வருஷத்துக்கு முந்தைய ஆய்வேடு ஒன்றில் அவர்கள் குடிசைகளும் தேனெடுக்கும் பாறையும் போட்ட வரைபடம் இருக்கிறது. திங்கட்கிழமை வன உரிமை விசாரணை. வரைபடத்தைக் காட்டாவிட்டால் நேற்று வந்து குடியேறியவர்கள் என்று எழுதிவிடுவார்கள்.

3

முதல் தடவை பேராசிரியர் கையெழுத்து கேட்டார்கள். அடுத்த தடவை, கையெழுத்து சரி, சீல் எங்கே என்றார்கள். இந்தத் தடவை சீலும் இருந்தது. ஏட்டைக் காணோம்.

"வெளிய போயிருக்குங்க" என்றாள் ஆக்ஸிலியா.

"வெளிய விடக் கூடாதுன்னு செவுத்துல எழுதிப் போட்டிருக்கீங்களே?"

"பெரிய மனுஷங்க கேட்டா..."

"அதெழுதின ஆளுக்கு மலையெல்லாம் சுத்திக் காட்டுனது எங்க முப்பாட்டன். எனக்குக் கையெழுத்து, சீலு! யாருகிட்ட கெடக்கு, சொல்லுங்க."

"பேரு சொல்லக் கூடாதுங்க. ரூல்."

(இங்கே ரம்யா அழுததாக எழுதியிருந்தேன். பொய். விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'எங்க வீடு' என்று எழுதி, கவுன்டரில் அறைந்துவிட்டுப் போனாள்.)

4

முடிவு ஒன்று: ஏடு கிடைக்கிறது, அவர்கள் ஜெயிக்கிறார்கள்.

முடிவு இரண்டு:

போதும் இந்த வேஷம். ஆக்ஸிலியா எனக்குக் கதை சொல்லவா போன் பண்ணினாள்? "எட்டு மாசமாச்சு சார், திருப்பிக் குடுங்க" என்று கேட்டாள். ஏடு என் மேசையில்தான் கெடக்கு. மலைமக்களைப் பற்றி நாவல் எழுத வாங்கினேன். எழுத்தாளர் என்றதும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள், கையெழுத்தும் கேட்கவில்லை, சீலும் கேட்கவில்லை. வரைபடத்தின்மேல் என் டீ டம்ளரின் வட்டக் கறை. முப்பாட்டன் படத்துக்குக் கீழே 'தகவலாளர் 4' என்றிருக்கிறது. என் நாவலிலும் அவருக்குப் பெயர் வைக்கவில்லை.

ஏலே, நீயெல்லாம் மனுஷனா? கேளுங்கள், நானும் அதைத்தான் கேட்கிறேன். போன் வந்தது வியாழக்கிழமை. "நாளைக்குத் தர்றேம்மா" என்றேன். அப்புறம் இந்தக் கதை பிடித்துக்கொண்டது. இன்று ஞாயிறு, நூலகம் பூட்டு. ஆனால் ஆடலூர்ப் பக்கம் இறங்க மூணு மணிக்கு ஒரு பஸ் உண்டு. இப்போது மணி ரெண்டே முக்கால்.

முடிவை என்னிடம் கேட்காதீர்கள். படிக்க ஆள் இருக்கும்வரை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். கீழே வையுங்கள் இதை. நீங்கள் நிறுத்தினால்தான் நான் எழுந்திருப்பேன்.