கடைசிச் சுற்றுக்குத் தூக்கும் கால்

பெட்டியின் ஜிப்பை அவரே மாற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் நாள் ராத்திரி என் துணிமணியை எல்லாம் திணித்து இழுத்தபோது அந்த ஜிப் பல்லை இளித்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஜிப் மாற்றிக் கொடுக்கிற தையல்காரி நான். என் பெட்டிக்கு மாற்ற மட்டும் மனசு வரவில்லை, ஒரு கயிற்றைக் கட்டி எடுத்துப் போய்விடலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கடையை அடைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், புது ஜிப். கோணி ஊசியால் கையாலேயே தைத்திருந்தார். தையல் கோணல்மாணல்தான், ஆனால் இழுத்தால் வெண்ணெயாக நகர்ந்தது. பெண்டாட்டி பெட்டி கட்டினால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், ஏன் போகிறாய் என்று சண்டை போடுவார்கள். பெட்டியை ரிப்பேர் பண்ணிக் கொடுத்த புருஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

போன வாரம் நான் அவரிடம் வாய்விட்டே கேட்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மெஷினில் ஒரு கோட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலைந்து குண்டூசி. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, திரும்பாமலே சொன்னேன்: "அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்."

அவர் நாற்காலியை இழுத்தார், தட்டைக் கழுவினார், விளக்கை அணைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். மெஷின் மேல் இருந்த சின்ன விளக்கு மட்டும் எனக்கு மிச்சம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்பார்களே, எருமையாவது காதை ஆட்டும்.

இது ஒரு நாள் கதை இல்லை. இரண்டு வருஷமாகவே மனுஷர் இப்படித்தான். அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பதில் கிடையாது. போன் அடித்தால் எடுக்க மாட்டார், மெசேஜ் போடு என்பார். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு "சரி சரி". செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவர் முதுகைப் பார்த்து வாரத்துக்கு நாலு தரமாவது சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை மட்டும் மனுஷருக்கு உயிர் வந்துவிடும். அன்றைக்குத்தான் சைக்கிள் கடைக்காரரின் பின்னறையில் கூட்டம். அதற்கு ஜாம் என்று பேர் வைத்திருந்தார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. டயர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, யார் யாரோ எந்தக் காலத்திலோ வயல்காட்டிலும் சுரங்கத்திலும் பாடின பழைய மெட்டுகளை வாசிப்பார்கள். கடைக்காரர் மவுத்தார்கன். பிளம்பர் கிடார். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஒருத்தி வயலின். என் வீட்டுக்காரர் டபுள் பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற வயலின், நின்றுகொண்டு கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும். அதற்கு அங்கே யானை என்று பேர், இவருக்கு யானைக்காரர். மற்றவர்கள் வேகம் பிசகினால் யானைதான் இழுத்துப் பிடிக்கும். பகலெல்லாம் மர மில்லில் ரம்பத்துக்கு மரம் தள்ளுகிற மனுஷர், அங்கே ராஜா மாதிரி நிற்பார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மெட்டை எடுத்தால் அதையே சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். எப்போது முடிப்பது என்று யாருக்கும் தெரியாது. மெட்டை ஆரம்பித்தவர் போதும் என்று நினைக்கும்போது ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். அந்தச் சுற்று முடிந்ததும் கத்தரியால் வெட்டின மாதிரி எல்லோரும் சேர்ந்து நிறுத்துவார்கள்.

பெரும்பாலும் வயலின்காரிதான் மெட்டு எடுப்பாள். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த என் வீட்டுக்காரர், இந்த இரண்டு வருஷமாகக் கண் இமைக்காமல் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டே நானும் எத்தனை வியாழக்கிழமை பார்த்துத் தொலைத்திருப்பேன். கட்டின பெண்டாட்டி தொண்டை கிழியக் கத்தினால் திரும்பாத தலை, அவள் கால் அசைந்தால் அசைகிறது. வயிறு எரியாதா?

அதனால்தான் அண்ணனைச் சைக்கிள் கடைக்கே வரச் சொன்னேன். கூட்டம் முடிகிற நேரத்துக்குக் காரைக் கொண்டுவந்து வெளியே ஹாரன் அடி என்று சொல்லியிருந்தேன். கடைசியாக ஒரு தடவை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலேயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வைராக்கியம். எங்கள் வேனில் யானைக்குப் பக்கத்தில் என் பெட்டியை வைத்ததும் அவர்தான். நசுங்கிவிடாமல் இருக்கப் பழைய போர்வை ஒன்றை நடுவில் கொடுத்தார்.

அன்றைக்கும் அவள்தான் மெட்டு எடுத்தாள். நல்ல வேகமான மெட்டு. அவர் கண் அவள் செருப்பில். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

நாலாவது சுற்றோ ஐந்தாவதோ, கரண்ட் போனது.

அந்தப் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது, ஷட்டரும் இறக்கியிருந்தது. முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கை தெரியாது. ஆனால் ஒருத்தரும் நிறுத்தவில்லை. கரண்டில் ஓடுகிற வாத்தியம் எதுவும் அங்கே இல்லையே. பிளம்பர் சிரிப்பது கேட்டது, கடைக்காரர் கூடக் கொஞ்சம் பலமாக ஊதினார். இருட்டில் அந்த மெட்டு முன்னைவிட நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். போகிற நேரத்தில் இவ்வளவு நன்றாக வாசித்துத் தொலைக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

காலைத் தூக்கினால் யாருக்குத் தெரியப் போகிறது? வயலின்காரி வாயாலேயே சொன்னாள்: "கடைசிச் சுத்து!"

சுற்று முடிந்தது. எல்லோரும் டக்கென்று நிறுத்தினார்கள்.

யானை நிற்கவில்லை.

தொம், தொம் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். யானைக்கு மதம் பிடித்துவிட்டது என்றார் பிளம்பர். சிரிப்பு அடங்கியும் பேஸ் அடங்கவில்லை. போதும்ணே என்றார் கடைக்காரர். அது அடுத்த சுற்றை ஆரம்பித்தது. யாருமே வாசிக்காத பாட்டுக்கு, எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறி, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கி, அட்சரம் பிசகாமல் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வயலின்காரி அவரைக் கூப்பிட்டாள். பிளம்பர் கூப்பிட்டார், இந்தத் தடவை அவர் குரலில் வேடிக்கை இல்லை.

"ஏங்க," என்றேன் நான். பிறகு வீட்டில் கத்துவது மாதிரியே கத்தினேன். "ஏங்க!"

தொம், தொம்.

மடியில் இருந்த பட்டன் டப்பா விழுந்து பட்டன்கள் தரையெல்லாம் உருண்டன. அவ்வளவு சத்தம். அந்தச் சத்தத்துக்கும் அவர் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று சொல்வது தப்பு, யாரோ பின்மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்ட மாதிரி இருந்தது. கதவு மணி அடித்தால் எழுந்திருக்காதது. டிவியில் கீழே எழுத்து ஓடுகிற படமாகவே பார்ப்பது. சுருதி பார்க்க மெஷின் வைக்கிறவனை எல்லாம் கிண்டல் செய்தவர், தானே ஒரு மெஷினை வாங்கிப் பேஸின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. புது மெட்டு வேண்டாம், பழசே போதும் என்று அடம்பிடித்தது. மில்லில் ரம்பச் சத்தத்துக்கு நடுவில் எல்லோருக்குமே ஜாடைப் பேச்சுதான், அங்கே யார் கண்டுபிடிப்பார்கள்? அந்தக் கால்! பிளம்பர் மெட்டு எடுத்த நாட்களில் பிளம்பரின் சேறு அப்பின பூட்ஸையும் அவர் இதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடைசியில் பிளம்பர் போனில் டார்ச் போட்டு அவர் மேல் அடித்தார்.

அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கூடவே வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற சிரிப்பு. கண் இரண்டும் அகல விரிந்து, இருட்டில் அவள் கால் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன. டார்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் மடியில் கிடந்த வயலினைப் பார்த்தார். சும்மா இருந்த கடைக்காரரின் கையைப் பார்த்தார். விரல் கம்பியிலேயே நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரமா நான் மட்டும் வாசிச்சேன்?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம்தாண்ணே என்று பிளம்பர் எப்படியோ சொல்லிவிட்டார். ஆனால் வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில், நாங்கள் எல்லோரும் இருட்டில். யார் பேசினார்கள், பேசினார்களா என்றே அவருக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எங்களைத் தேடினார்.

"யாராவது வெளிச்சத்துக்கு வந்து சொல்லுங்க," என்றார்.

நான் எழுந்து போனேன். காலடியில் பட்டன்கள் நொறுங்கின. வயலின்காரி தன் போனில் டார்ச்சைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு வருஷமாக நான் வாயில் போட்டு மென்ற பெண். வெளிச்சம் என் வாயில் விழுகிற மாதிரி அவள் கையைக் கொஞ்சம் இறக்கினாள்.

"காது கேக்கலையா?" என்று கேட்டேன்.

அவர் என் உதட்டைப் பார்த்தார். "போயிடுச்சு. மொதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணும். நரம்பே செத்துப்போச்சு, காதுல மெஷின் வெச்சாலும் பிரயோஜனமில்லேன்னுட்டாங்க. கட்டிப்பிடிச்சு வாசிச்சா இது மட்டும் நெஞ்சுல கேக்குது." பேஸைத் தடவிக் கொடுத்தார். குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. இதைக்கூட நான் இத்தனை நாளாகத் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் முதலில் வந்தது. கட்டினவளிடம் சொல்ல என்ன கேடு என்று கேட்டேன்.

"இங்க தெரிஞ்சா ஓரமா உக்கார வெச்சுடுவாங்கன்னு பயம். உன்கிட்ட சொல்லலாம்னு வரும்போதெல்லாம் நீ ஏற்கெனவே கோவமா இருந்தே. நேத்து பெட்டியைப் பார்த்தேன். சரி, உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் கெளம்பறேன்னு நெனச்சேன். செவிட்டுப் புருஷனோட மல்லாடுன்னு சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கு? போற வழியில பெட்டி பிளந்துக்கக் கூடாதேன்னு ஜிப்பை மாத்தி வெச்சேன்."

பேஸின் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்டதே அவர் காதில் விழவில்லை. விழாத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று நான் பெட்டி கட்டினேன். நான் கட்டின பெட்டியைப் பார்த்து, தடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவர் ஜிப் தைத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே. கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால் நான் போயே போயிருப்பேன்.

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டேன், குண்டூசி இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி. பிறகு அவர் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "போன வாரம் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். மெஷின்ல உக்காந்துகிட்டு, திரும்பாமக் கேட்டேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்னு."

அவர் என் வாயையே பார்த்தார். நான் முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரு," என்றார். அந்த அறைக்கு அது ரொம்பப் பெரிய சத்தம்.

அதே சமயம் வெளியே அண்ணன் ஹாரன் அடித்தான். ஒரு தடவை, பிறகு நீளமாக இன்னொரு தடவை. எல்லோர் தலைகளும் ஷட்டர் பக்கம் திரும்பின. அவர் அந்தத் தலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டார்:

"என்ன சத்தம்?"

"அண்ணன்," என்றேன், வெளிச்சத்தில் நின்றுகொண்டு. "திரும்பிப் போகச் சொல்லிட்டு வரேன்."