இரைப்பைத் தேர்தல்

"தலைமைங்கறது பிறவியிலேயே வர்றது. எந்தச் சபையும் அதை ஒருத்தனுக்குக் கொடுக்க முடியாது, எந்தச் சபையும் பறிக்கவும் முடியாது."

எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் லுஸ்வெட்டி இதைச் சொன்னபோது வேன் இருக்கைக்கு அடியில் தலையை விட்டு இடது கால் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமைத் தேர்தல்ல பறிச்சிடுவாங்க தலைவரே" என்றார் பக்கத்தில் இருந்த உபதலைவர் மகோகா. அவர் மடியில் புதுத் தொப்பி. தலைவராகிவிட்ட பிறகு போடுவதற்கென்று வாங்கியது. ஆனால் பொறுக்காமல் நைரோபியிலேயே மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டார்.

எங்கள் ஊர் கிமிலிலியிலிருந்து நைரோபிக்கு மாட்டுக் கண்காட்சி பார்க்க இரண்டு நாள் பயணமாக நாங்கள் நான்கு பேர் வந்திருந்தோம். இவர்கள் இருவர், செயலாளர் நகுமிச்சா அக்கா, வேன் ஓட்டும் நான். கண்காட்சியை நேற்றே பார்த்து முடித்தாயிற்று. மறுநாள் விடியலில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் கையில் கிடைத்த ஒரே மதியம் இது. நகரத்தின் பெரிய கடைத்தெருவான ஈஸ்ட்லிக்குப் போய் எத்தியோப்பியச் சாப்பாடு சாப்பிட்டே தீர்வது என்று நேற்றிரவு முடிவாகியிருந்தது. எனக்குக் காலையிலிருந்து ஸ்டீயரிங்கில் கை நிற்கவில்லை. இருபது வருடமாகப் பால் கேனை ஏற்றிக்கொண்டு ஒரே ரோட்டில் போய் வருகிறவனுக்கு ஈஸ்ட்லி என்றால் சும்மாவா?

"அவங்க சாப்பாட்டு முறை எனக்குத் தலைகீழா தெரியும்" என்றார் லுஸ்வெட்டி, ஷூ கிடைத்த தெம்பில். "நான் அடிஸ் அபாபா போயிட்டு வந்தவன்யா."

"ஏர்போர்ட்ல மூணு மணி நேரம் உக்காந்து பிஸ்கட் தின்னதெல்லாம் போயிட்டு வந்ததுல சேருமா?"

"மகோகா, நீ இன்னும் எல்டொரெட்டைத் தாண்டினதில்ல. வாயைத் திறக்காதே."

"இப்ப எங்க உக்காந்திருக்கேன் தலைவரே? நைரோபி எல்டொரெட்டுக்கு முன்னாடியா இருக்கு?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" என்றார் நகுமிச்சா அக்கா. "கண்காட்சியில எண்ணூறு மாடு இருந்துச்சு. அத்தனையும் சேர்ந்து கத்தினதைவிட நீங்க கத்தினது அதிகம். இப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இன்னிக்குக் கோழி சாப்பிடப் போறோம். இரைப்பை யாருக்கு வருதோ அவருக்குத்தான் சனிக்கிழமை எங்க ஓட்டு."

'எங்க ஓட்டு' என்றால் நாற்பத்தொரு ஓட்டு. சங்கத்தில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் நகுமிச்சா அக்கா கை தூக்கினால் தூக்குவார்கள், இறக்கினால் இறக்குவார்கள். ஆண்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து கிடந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கோழி அறுத்தால் இரைப்பை யாருக்கு என்பதுதான் விருந்தே. வீட்டுக்கு மூத்தவன் தின்பான். அவனைவிடப் பெரிய விருந்தாளி வந்தால் விருந்தாளி தின்பான். இரைப்பை இல்லாமல் கோழி வந்தால் மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவான். நான் ஏழு பிள்ளைகளில் கடைசி. நாற்பத்தாறு வயது வரைக்கும் இரைப்பை என்பது அடுத்தவர் வாய்க்குள் போய் மறைகிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

"பரிமாறுறவங்களுக்கு நம்ம யாரையும் தெரியாது. அதனால நியாயமா இருக்கும்" என்று அக்கா முடித்தார்.

லுஸ்வெட்டி கோட்டுப் பொத்தானைப் போட்டார். மகோகா தொப்பியைப் போட்டார்.

ஈஸ்ட்லிக்குள் நுழைந்ததும் எனக்கு மூச்சே முட்டியது. தலைக்கு மேல் துணி, காலுக்குக் கீழ் துணி, நடுவில் கைவண்டி. படம் வரைந்த மினிபஸ்கள் ஹாரனிலேயே பாட்டுப் பாடின. ஒரு சோமாலிப் பெண் மஞ்சள் கேனில் ஒட்டகப் பால் விற்றுக்கொண்டிருந்தார். "நிறுத்துய்யா கயெம்பா, கொழுப்பு எவ்வளவுன்னு கேப்போம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நிறுத்தினால் பின்னால் வருகிறவன் என் வேனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான் போலிருந்தது. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு தெரு தள்ளி வறுத்த காப்பிக்கொட்டை வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போய்க் கடையைக் கண்டுபிடித்தோம்.

வேனை எங்கே விடுவது என்று கேட்க நான்தான் முதலில் இறங்கி உள்ளே போனேன். வெள்ளைப் பருத்தி அங்கி போட்ட ஓர் அம்மாள் இடத்தைக் காட்டினார். பெயர் வொர்கினேஷ், கடை அவருடையது. வேனை விட்டுவிட்டு வந்து, தொட்டியில் கை கழுவி, சாவியை மேசையில் வைத்து உட்கார்ந்தேன். அக்கா என் எதிரில் உட்கார்ந்தார்.

வாசலில் ஏதோ நெரிசல். யார் முதலில் நுழைவது என்பதில் லுஸ்வெட்டியும் மகோகாவும் ஒரே நேரத்தில் தோளைக் கொடுத்துக் கதவில் சிக்கியிருந்தார்கள். அக்கா, "தள்ளிவிடவா?" என்று கேட்ட பிறகு இருவரும் சேர்ந்தே உள்ளே விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. காப்பி போடும் மூலையைச் சுற்றி, எத்தியோப்பிய வழக்கப்படி, தரை முழுக்கப் பச்சைப் புல் பரப்பியிருந்தது.

"அடேய் மகோகா, இதைப் பாருய்யா!" லுஸ்வெட்டி மண்டியிட்டு ஒரு பிடி அள்ளி மோந்தார். "இதைப் போட்டு மிதிக்கிறாங்களே, பாவிங்க!"

மகோகா ஒரு தண்டைக் கடித்துப் பார்த்தார். "காலைல அறுத்தது தலைவரே. பால் கட்டின தண்டு. இதைப் போட்டா மாடு ஒரு லிட்டர் கூடவே கறக்கும்."

"ஒன்றரை."

"ஒன்றரைன்னே வெச்சுக்குங்க."

மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். கோட்டும் தொப்பியும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தன. வொர்கினேஷ் அம்மாள் தட்டோடு வந்து பார்த்தார்.

"புல்லுக்காரங்களா? நாளைக்குத்தானே வரச் சொன்னேன்? கட்டைப் பின்வாசல்ல போடுங்கப்பா, விருந்தாளி வந்திருக்காங்க." பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்றார்.

லுஸ்வெட்டி எழுந்து, தான் யார், எத்தனை கிராமத்துப் பாலுக்குத் தலைவர் என்பதையெல்லாம் விளக்கினார். அந்த அம்மாள் வாயில் கைவைத்து வருந்தி, முகம் சிவக்கச் சிரித்து, இருவரையும் உட்காரவைத்தார். ஆனால் லுஸ்வெட்டியின் முழங்காலில் புல் ஒட்டியிருந்தது. மகோகாவின் பல்லிலும்.

சாப்பாடு வந்தது. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு, சைக்கிள் சக்கரம் அகலத்துக்கு. அடியில் புளித்த மாவில் வார்த்த மெத்தென்ற ஆப்பம், துளைத் துளையாக. நடுவில் செக்கச்செவேலென்று கோழிக் குழம்பு, அதில் முழு முட்டைகள் மிதந்தன. சுற்றிலும் பருப்பு, கீரை. வாசனைக்கே எனக்குக் கண் கலங்கியது. லுஸ்வெட்டியும் மகோகாவும் குழம்பின் மேல் குனிந்து, கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுகிறவர்கள் மாதிரி பார்த்தார்கள்.

"இருங்க. முதல் கவளத்தை நான்தான் ஊட்டணும். எங்க வழக்கம்" என்றார் வொர்கினேஷ் அம்மாள். "கூட்டத்துல பெரியவர் யாரோ, அவருக்கு."

ஆப்பத்தில் ஒரு துண்டு கிழித்து, குழம்புக்குள் எதையோ அள்ளிச் சுருட்டி உயர்த்தினார். லுஸ்வெட்டி வாயைத் திறந்தார். மகோகாவும் திறந்தார். கை இருவருக்கும் நடுவே கடந்து வந்து என் வாய்க்கு முன்னால் நின்றது.

"அம்மா, நான் டிரைவர்..." என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்ததுதான் தப்பு. கவளம் உள்ளே போய்விட்டது.

காரம் காதுவரை ஏறியது. உள்ளே ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று பல்லுக்கு அடங்காமல் நழுவியது. மென்றேன், மென்றேன், கடைசியில் முழுங்கினேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் முழுங்கியதில்லை.

"கவளம் கணக்கில்ல" என்றார் லுஸ்வெட்டி. "இரைப்பைதான் பேச்சு. தேடுங்க."

தேடினார்கள். காலைத் தள்ளினார்கள், நெஞ்சைத் தள்ளினார்கள், முட்டையைப் புரட்டினார்கள். அந்தத் தேடலில் அக்காவும் நானும் பாதித் தட்டைக் காலி செய்தோம். கடைசியில் மகோகா பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்க் கோழிக்கு இரைப்பை கிடையாதா?"

"இருக்காதா பின்ன? ஒரு கோழிக்கு ஒண்ணு." அந்த அம்மாள் என்னைக் காட்டினார். "அதைத்தான் ஐயாவுக்கு முதல் கவளத்துல வெச்சேனே!"

நகுமிச்சா அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"செல்லாது! ஊட்டிவிட்டது செல்லாது! தானா எடுத்துத் தின்னாத்தான்!" என்றார் லுஸ்வெட்டி.

"இவன் உறுப்பினரே இல்ல, வேன் ஓட்டறவன்!" என்றார் மகோகா.

"உறுப்பினர்தான். அவங்கப்பாவோட நம்பர் பத்தொன்பது இவர் பேருக்கு மாறி அஞ்சு வருஷமாச்சு. மாத்தி எழுதினதே நான்தான்" என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் சொன்னது சொன்னதுதான்."

புல் மேல் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அங்கே மூன்று சுற்றுக் குடித்தால்தான் எழுந்திருக்கலாம். முதல் சுற்றில் இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் லுஸ்வெட்டி கை கழுவுகிற சாக்கில் என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"கயெம்பா, நீ நல்ல பையன். எனக்கு வேண்டாம், தலைவருக்கே இருக்கட்டும்னு சொல்லிடு."

"மகோகா அண்ணன் கோவிச்சுக்குவாரே?"

அவர் தாடையைச் சொறிந்தார். "அந்தத் தொப்பிக்காரன் உக்காரறதுக்கு நீயே உக்காந்துடலாம்யா."

மூன்றாவது சுற்றில் மகோகா அதே தொட்டியடியில் அதே மாதிரி ஆரம்பித்து, "அந்தக் கோட்டு மறுபடி உக்காரறதைப் பாக்கறதுக்கு, நீயே இரு. நான் இருக்கேன் உனக்கு" என்று முடித்தார். நான் இருவருக்கும் தலையாட்டினேன். என் மனசு வேறெங்கோ துள்ளிக்கொண்டிருந்தது. தூபப் புகை, சோளப்பொரி, தெருவில் அந்த மினிபஸ் பாட்டு, நாற்பத்தாறு வருடம் கழித்து வயிற்றுக்குள் ஓர் இரைப்பை!

சனிக்கிழமை நகுமிச்சா அக்கா கை தூக்கினார். நாற்பத்தொரு கை தூக்கியது. லுஸ்வெட்டியின் ஆட்கள் மகோகா வரக்கூடாதென்று தூக்கினார்கள். மகோகாவின் ஆட்கள் லுஸ்வெட்டி வரக்கூடாதென்று தூக்கினார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை. இப்படி ஒரு ஒற்றுமை சங்க வரலாற்றிலேயே கிடையாது என்று லுஸ்வெட்டியே வாழ்த்துரையில் சொன்னார். மகோகா தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். நான் எழுந்து, கலப்பின மாடு வளர்ப்பைப் பற்றியும், கறவை நேரச் சுத்தத்தைப் பற்றியும் இருபது நிமிடம் பேசினேன்.

என் வீட்டில் மாடு இல்லை. பாக்கெட் பால்தான் வாங்குகிறோம்.