வளையம் விழாத தட்டு

“வாம்மா பஞ்சுக்குச்சி, இன்னிக்கு என் மூக்கையும் தடவிப் பாத்துடு. அது ஒண்ணுதான் பாக்கி” என்றார் பெரிய சிஸ்டர்.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஆளும் ஒல்லி, கையில் எப்போதும் பஞ்சு சுற்றிய குச்சிகள் அடுக்கிய டப்பா. ஒரே மாதத்தில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்து, அதில் இரண்டுதான் பிழைத்தன. கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகத்திலிருந்து இவளை அனுப்பியிருந்தார்கள். கதவுப்பிடி, குழாய்த் திருகு, தொலைபேசி, நர்சுகளின் உள்ளங்கை என்று அறுபது இடங்களைத் தடவியாயிற்று. எதிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். கண் என்னவோ நான்காம் பெட்டியிலேயே இருந்தது. சிங்குக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அக்காவின் மகள் படுத்திருந்தாள். ஏழு வாரம் முந்திக்கொண்டு வந்தவள். பிறந்து பதினோரு நாளாகியும் பெயர் வைக்கவில்லை, எல்லோருக்கும் பொடிசு.

பெரிய சிஸ்டர் கிருமியைக் கொல்லும் மருந்துக் குப்பி ஒன்றைத் திறந்தார். வளர்ந்த ஆளுக்கான அளவு அது. இங்கே படுத்திருப்பவர்களுக்கு அதில் சில சொட்டு போதும். சிரிஞ்சில் அதை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, மீதியை சிங்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். வாய் கொப்பளித்துத் துப்புவதுபோல அத்தனை இயல்பாக நடந்தது. அவள் இதை நூறு முறை பார்த்திருக்கிறாள். இன்றுதான் கண்ணில் பட்டது.

“சிஸ்டர், மிச்சத்த எப்பவும் இங்கதான் ஊத்துவீங்களா?”

“வேற எங்க, உன் தலையிலயா? வெச்சிருந்தா அடுத்த ஷிப்டுல எவளாவது பாக்காம எடுத்துப் போட்டுருவா. தொறந்தா கொட்டிடணும். இருபத்திரண்டு வருஷமா புதுசா வர்ற ஒவ்வொருத்திக்கும் நான் சொல்லிக்குடுக்கற மொதப் பாடமே அதான்.”

இதுவரை கை படும் இடங்களாகவே தேடியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு குச்சியை எடுத்து சிங்கின் அடி ஓட்டைக்குள் விட்டாள். வழவழவென்று எதுவோ ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை, ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சிங்கின் ஓட்டையில் கிடைத்த கிருமியைப் பூசிய கூழ்ப்பரப்பில் ஆறு வெள்ளை வில்லைகள், ஆறு மருந்துகள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவான வளையம் விழும். ஆறாவது, அலமாரியில் பூட்டி வைக்கும் மருந்து. அதை எடுக்க இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குப் பிறகு எடுக்க அலமாரியில் வேறெதுவும் கிடையாது.

வளையம் எதிலும் இல்லை. கண்ணாடியில் படிந்த மூச்சுபோல வெண்மை தட்டு முழுக்கப் பரவி, ஆறாவது வில்லையின் விளிம்புவரை வந்து முட்டியிருந்தது. வில்லை வைக்க மறந்துவிட்டோமோ என்று அசட்டுத்தனமாக ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். ஆறும் இருந்தன. தினமும் கொஞ்சம் மருந்து, இருபத்திரண்டு வருடம். அந்த இருட்டுக் குழாய்க்குள் பிழைத்தவை மட்டும் பிள்ளை பெற்றுப் பெருகியிருந்தன.

தட்டோடு படியிறங்கி ஓடினாள்.

சிங்குக்கு மேல் அவளே எழுதி ஒட்டிய தாள் இருந்தது: ‘குழந்தையைத் தொடும்முன் கை கழுவவும்.’ மூன்றாவது காய்ச்சலுக்குப் பிறகு ஒட்டியது. அன்றிலிருந்து குழாய் ஓயவேயில்லை. இப்போது அங்கே, தங்கையைக் ‘கிருமி’ என்றே கூப்பிடும் அக்கா நின்றிருந்தாள். தண்ணீர் நேராக ஓட்டையில் விழுந்து, பொடித்துளிகளாகத் தெறித்து எழும்பியது. சில துளிகள் நான்காம் பெட்டியின் கைத்துளை ஓரத்தில் மினுங்கின.

“ஏய் கிருமி, பாத்தியா? நீ சொன்ன மாதிரியே முழங்கை வரைக்கும். முப்பத்தஞ்சு எண்ணிட்டேன்.”

“அக்கா, குழாய மூடு.”

“இருடி, இன்னும் அஞ்சு இருக்கு.”

“மூடுக்கா!”

அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. அக்கா மிரண்டு போய்க் குழாயை மூடினாள். நுரை படிந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்குடி கத்துற? பொடிசுக்கு விடிகாலையிலேருந்து உடம்பு சுடுது, பாலும் இறங்கல. நல்லவேள, பூட்டி வெச்சிருப்பாங்களாமே, அந்த மருந்தையே எடுத்துட்டாங்க. ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டாங்க.” அக்காவின் முகத்தில் நம்பிக்கை இருந்தது. “அதுக்கு மேல மருந்தே இல்லியாம். இனி பயமில்லதானே?”

அவள் திரும்பி, தட்டைப் பெரிய சிஸ்டரிடம் நீட்டினாள். எந்த இடத்துக் குச்சி என்று அவர் கேட்கவில்லை. மூடியின்மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

“ஆறாவதுமா?”

“ஆறாவதும் சிஸ்டர்.”

அவர் தன் கைகளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அகலப் பிளாஸ்திரியைக் கிழித்து, ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். நான்காம் பெட்டியை சிங்கை விட்டுத் தள்ளி வைக்கச் சொன்னார். இனி மீந்த மருந்து ஒரு சொட்டும் தண்ணியில் போகக்கூடாது, மூடி போட்ட டப்பாவில் மருந்தகத்துக்கே திரும்பணும் என்றார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றார். “மிச்சத்தக் கொட்டணும்னு மேல் மாடி நர்சுங்களுக்கும் நான்தான் பழக்கினேன். பக்கத்துக் கட்டடத்துக்காரிங்களுக்கும்” என்றார். “எத்தன சிங்க் வரும்னு மனசுல எண்ணிப் பாத்தேன். முடியல.”

காலையில் எடுத்த பொடிசின் ரத்தம் மேசைமேல் ஒரு பாட்டிலில் இருந்தது. அதிலிருந்து முளைக்கப்போவது எதுவென்று தெரிய நாளையாகும். அதற்கு வளையம் விழுமா என்று பார்க்க அதற்கடுத்த நாள். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். அக்கா இன்னும் கைகளைத் தூக்கியபடியே நின்றிருந்தாள். நுரை காய்ந்து தோலில் வெள்ளையாய்ப் படியத் தொடங்கியிருந்தது.

“இத எங்கடி கழுவுறது?”

மேலே எந்த மாடியிலோ யாரோ குழாயைத் திறந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்கும் ஓசை கேட்டது. சிங்கின் ஓட்டைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நடுவில் மெல்ல உப்பியது, தாழ்ந்தது, மறுபடி உப்பியது.