பட்டன் குதிரை

எங்கள் வீட்டுக்காரரும் சம்பந்தியும் பேச்சை நிறுத்தியது ஒரு கோட்டு பட்டனால். சிரிக்காதீர்கள். சம்பந்திகளுக்குள் சொத்துச் சண்டை, மரியாதைச் சண்டை எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு வாய்த்தது பட்டன்.

வீட்டு முன்னறைதான் எங்கள் தையல் கடை. ஞாயிறு தவறாமல் மகளுடைய மாமனார் அங்கே வந்து இவரோடு செஸ் ஆடுவார். பலகையும் காய்களும் அவருடைய அப்பா காலத்து மரச்சாமான், இங்கேயே வைத்திருந்தார். அதில் ஒரு கறுப்புக் குதிரை தொலைந்துபோனது. துணி வெட்டுகளோடு குப்பைக்குப் போயிருக்கும். இவர் அசரவில்லை, அந்த இடத்தில் ஒரு பெரிய கோட்டு பட்டனை வைத்துவிட்டார். சில வாரம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருநாள் ஆட்டச் சூட்டில் பட்டனை நேராகத் தள்ளிக்கொண்டு போய் சம்பந்தியின் ராணியைத் தூக்கிவிட்டார்.

"குதிரை எப்படிங்க நேராப் போகும்?" என்றார் சம்பந்தி.

"குதிரைதான் போகாது. இது பட்டன்."

சம்பந்தி எழுந்துவிட்டார். பழையபடி ஒரு மரக்குதிரை வந்தால்தான் இந்தப் படி ஏறுவேன், பிளாஸ்டிக்கைக் காட்டினால் பலகையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் பேசாவிட்டால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன். மகள் போன் போட்டாள். மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லையாம். சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களை உயரப்படி வரிசையாக அடுக்குகிறாராம். உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் இவள் திண்டாடுகிறாளாம்.

"அம்மா, ஒண்ணு குதிரை இங்க வரணும், இல்ல நான் அங்க வரணும்" என்றாள்.

அவள் வந்தால் படுக்க இடம் வேண்டுமே, வீடு முழுக்கத் துணி மூட்டை. சரி, நானே ஒரு குதிரையைச் செதுக்கிவிடுகிறேன் என்று கிளம்பினேன். பட்டனுக்குக் காஜா எடுத்துப் பழகிய கைக்கு ஒரு குதிரை வராதா?

உளி வாங்கப் போனால் இவரும் கூடவே வந்தார். கடைக்காரர் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு டஜன் உளி, அத்தனையும் கண்ணாடி மாதிரி பளபள. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கொண்டுபோகிறார்கள் என்றார். எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் கத்தரிக்கோல் வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். ஈரத்துணியை நுனியால் வெட்டிப் பார்க்காமல் பையில் கை விடமாட்டார். இங்கேயும் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இது மரத்துக்கு, துணிக்கு இல்லை என்று கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு உளியாக வைத்து இழுத்தார். எல்லாம் துணியைப் பிடித்து இழுத்ததே தவிர ஒன்றும் வெட்டவில்லை. கேட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்கள்தான் தீட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"நான் சட்டை தச்சுக் குடுத்துட்டு, காஜாவ வீட்ல போய் நீங்களே வெட்டிக்குங்கன்னு சொன்னா வாங்குவீங்களா?"

கடைக்காரர் ஓரத்தில் கிடந்த ஒரு சின்னக் கத்தியை நீட்டினார். விரல் நீள அலகு, மரப்பிடி. இவர் இழுத்தார். கைக்குட்டை ரெண்டாச்சு, கூடவே இவருடைய சட்டைக் கைப்பட்டியும் போச்சு. அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். தையல் பிரிக்கிற கத்தி மாதிரி கைக்குள் அடக்கமாக உட்கார்ந்தது. அதை மட்டும் வாங்கினோம். கடைக்காரர் வெல்வெட்டைத் தடவிக்கொண்டே பெட்டியை மூடினார்.

உடைந்த ஸ்டூல் கால் ஒன்று கிடந்தது. இவர் சாக்பீஸால் குதிரை வரைந்தார். ஊசி குத்தாமல் இருக்கப் போடும் உலோகத் தொப்பியைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு நான் சீவினேன். அது இல்லாவிட்டால் விரலுக்கும் ஒரு தையல் போடவேண்டி வந்திருக்கும். ஒவ்வொரு சீவலுக்கும் இவர் என் கையைத் தடுத்தார்.

"கொஞ்சம் இடம் விட்டு வெட்டு. பெருசா இருந்தா அப்புறம் பிடிச்சுக்கலாம்."

ஆயுசு முழுக்கத் துணியில் இடம் விட்டு வெட்டியவர். விட்டு விட்டுக் குதிரைக்கு இடுப்பு பெருத்தது, கழுத்து காணாமல் போனது. காது ஒன்று என் கை தவறியதில் போயிற்று. ஷூ பாலிஷ் பூசிக் கறுப்பாக்கினேன்.

அடுத்த ஞாயிறு மகள் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சொன்ன சொல்லுக்காக அவர் படிக்குக் கீழேயே நின்றார். நான் கையில் ஏந்திக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"இது... குதிரையா?"

"மரமா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றார் இவர்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மரம்தான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

உட்கார்ந்து காய்களை அடுக்கினால் அடுத்த வம்பு. குதிரையின் இடுப்பு பக்கத்துக் கட்டத்திலும் கால்வாசி உட்கார்ந்திருந்தது. இது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சம்பந்தி கேட்டார். ரெண்டிலும் என்று இவர் சொல்ல வாயெடுத்தார். மகள் முகம் போன போக்கைப் பார்த்து நான் கத்தியை எடுத்துவிட்டேன்.

இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "இதுக்குத்தான் இடம் விடச் சொன்னேன். சம்பந்தி, அளவு சொல்லுங்க, பிடிச்சுரலாம்" என்றார்.

சம்பந்தி சாக்பீஸை வாங்கி அளவுக்குக் கோடு போட்டார். நான் சீவினேன். வைத்துப் பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் என்றார்கள், மறுபடி சீவினேன். ரெண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து, அது கட்டத்துக்குள் அடங்குகிற வரை விடவில்லை. பிறகு ஆட்டம் ஆரம்பித்தது.

ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போயேன் என்று மகளைக் கூப்பிடத் திரும்பினால், அவள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். மாமா வருவதற்குள் போய் உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.