இடது ஓரத்தில் விழுந்த பந்துகள்

1
கெலவரப்பள்ளி அணைக்கு மீன் வறுவல் சாப்பிடப் போகிற வழியில் கிடைத்த கதை இது. மூக்கண்டப்பள்ளி மைதானத்தில் பெண்கள் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "மாலை வெயில் பொன்னாய் உருகி..." வேண்டாம். அங்கே இருந்தது புழுதி.

2
வினிதா தேனிப் பக்கத்துப் பெண். உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அந்த அணியில் இடது ஓரத்தில் ஆடுகிறாள்.

[ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பந்தைப் பின்பக்கமாகத்தான் வீசலாம். ஆறு முறை மடக்கிப் பிடிப்பதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் நாலு புள்ளி. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு.]

அணியின் பாணி எளிது. நடுவில் முட்டி மோதி எதிரணியை ஓரிடத்தில் குவியவைப்பார்கள். பிறகு சட்டென்று பந்தை இடது ஓரத்துக்கு வீசுவார்கள். அங்கே வினிதா நிற்பாள். பந்து கீழே விழும்.

3
பயிற்சியாளர் சத்யப்ரியாவுக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. போல்ட்டுக்குப் போடுகிற கணக்கைப் பந்துக்கும் போட்டாள்.

"இந்த சீசன்ல நாம நழுவவிட்டது இருபது. அதுல பதினாலு உன்னுது, வினிதா. பெங்களூர் மேட்ச்சுக்கு உன்ன உக்கார வெச்சிரலாம்னு இருக்கேன்."

(இங்கே அவளை அழவைத்து எழுதிய பத்தியை அடித்துவிட்டேன். அவள் கோபப்படுகிற ரகம்.)

"மத்தவங்க போட்டா பிடிக்கிறேன்லக்கா? யாரு போட்டு விழுந்துச்சுன்னு பாருங்க!"

சத்யப்ரியா தன் கணக்கு நோட்டைப் பார்த்தாள். அந்தப் பதினாலில் ஒன்றைத் தவிர எல்லாமே மாதேஸ்வரி வீசியவை. மாதேஸ்வரி அஞ்செட்டிக்காரி, வீட்டில் கன்னடம்.

"நான் என்னடி பண்ணேன்? கத்திட்டுத்தான போடறேன்!"

"ஆமா, 'இடி, இடி'ன்னு கத்துற. அதான் பந்தைப் பாக்காம எதுத்தாப்புல நிக்கிறவளப் போயி இடிக்கிறேன்!"

"அய்யோ, இடி இல்லடி. ஹிடி!* பிடின்னு அர்த்தம்!"

சத்யப்ரியா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. வினிதாவின் இடம் தப்பியது.

* ஓடுகிற ஓட்டத்தில் 'ஹ' மூச்சோடு போய்விடும்.

4
பெங்களூர் ஆட்டத்தில் மாதேஸ்வரி "வினி!" என்று மட்டும் கத்தினாள். ஒரு பந்துகூட விழவில்லை. ஆனாலும் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து வினிதாவிடம் வந்தது. எதிரில் ஒருத்திதான். வினிதா பறந்தாள், ஒரு வேங்கையைப்போல... (அடித்தாயிற்று. மூச்சிரைக்க ஓடினாள், அவ்வளவுதான்.)

கோட்டருகே அந்த ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டாள். விழும்போதே பந்தைப் பக்கத்தில் ஓடிவந்த மாதேஸ்வரியிடம் நீட்டினாள். அவளும் தடுக்கி மேலே விழுந்தாள். இருவர் கையும் பந்தில் இருக்க, பந்து கோட்டுக்கு அப்பால் தரையைத் தொட்டது. நடுவர் விசில் ஊதினார். வென்றுவிட்டார்கள்.

5
கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சத்யப்ரியா விடவில்லை. அவள் நோட்டில் 'புள்ளி எடுத்தவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர்தான் போட முடியுமாம்.

"அவ பேரப் போடுங்கக்கா" என்றாள் வினிதா.

"நான் தடுக்கி விழுந்தேன்க்கா. அவ பேரே போடுங்க" என்றாள் மாதேஸ்வரி.

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். என்னைக் கேட்டார்கள். புழுதியில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. நீங்கள் யார் பெயரைப் போடுவீர்கள்?