பாயின் சூடு

மத்தியானம் இரண்டு மணிக்கு நான் கோலிக்குள் நுழைந்தபோது என் பாயில் மாசானம் படுத்திருந்தான். அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

தாராவியில் எட்டுக்குப் பத்து அறை, அதைத்தான் அங்கே கோலி என்பார்கள். ஆறு பேர் இருந்தோம், பாய் மூன்று. ராத்திரிக்கு மூன்று பேர், பகலுக்கு மூன்று பேர். ஜன்னலோரப் பாய் பகலில் எனக்கு, ராத்திரியில் மாசானத்துக்கு. உரியவன் வந்து நின்றால் படுத்திருப்பவன் எழுந்துவிட வேண்டும், ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் நான்தான்.

அறுபத்து நாலாம் வருஷம், ஜனவரி. நான் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை ட்யூட்டி. அன்றைக்குக் காலையில் வண்டியை என்னிடமிருந்து வாங்க வேண்டிய அப்துல் வாஹித் வரவில்லை, அவன் மனைவிக்குப் பிரசவ வலி. மத்தியானம்வரை அவன் ட்யூட்டியையும் நானே பார்த்தேன். தூக்கத்தை விரட்டப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே ஓட்டுவது என் பழக்கம். அன்றைக்கு மிளகாயும் கைவிட்டுவிட்டது. கிங்ஸ் சர்க்கிளில் கண் திறந்தபடியே ஒரு கணம் தூங்கிப்போனேன். பின்னால் சுனாபட்டிப் பெரியவர் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார், முன்னால் ஒரு கைவண்டி. பிரேக்கை எப்போது மிதித்தேன் என்றே தெரியாது. இனித் தூங்காவிட்டால் எவனையாவது கொன்றுவிடுவோம் என்ற பயத்தோடுதான் கோலிக்கு வந்தேன்.

"ஏலே, எந்தி," என்றேன். "வேலைக்குப் போகலையா நீ?"

"போகல அண்ணாச்சி. ஒடம்பு காந்துது. சாயங்காலம் வரைக்கும் இப்படியே கெடக்கட்டுமா?"

"அப்ப நான் எங்கல படுக்கதுக்கு? ராத்திரி திரும்ப வண்டி எடுக்கணும்லா?"

எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். சோம்பல் முறிக்கிறான் என்று நினைத்தேன். மற்ற இரண்டு பாயிலும் ஆள் கிடந்தது, வாசலை ஒட்டிச் சாக்கடை. அவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பாளிக்காவது போயிருதேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டான். விக்ரோலியில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் அவனுக்கு வேலை, பாளி என்றால் அங்கே ஷிப்ட்.

படுத்தேன். பாய் சுட்டது. ராத்திரியெல்லாம் பனிக்காற்றில் விறைத்துப்போன முதுகுக்கு அது இதமாக இருந்தது. நெற்றியைத் தொட்டால் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன், டாக்டர்களே என்னைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட கையை அந்தச் சூட்டின்மேல் வைத்துக்கொண்டு, நல்ல கதகதப்பு என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டேன்.

ஏழு மணிக்கு மாசானத்தோடு வேலை பார்க்கும் நம்பிராஜன் வந்து என்னை உலுக்கி எழுப்பினான். தகடு வைக்கும்போது மாசானம் அசந்துவிட்டானாம். வலது கையில் நாலு விரல் போய்விட்டது, கட்டை விரல்தான் மிச்சம்.

"காச்சலோட எதுக்குல வந்தன்னு கேட்டேன் அண்ணாச்சி. படுக்க எடமில்லன்னான்."

நம்பிராஜன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தே சொன்னான். எட்டு மணிக்கு வண்டி எடுத்தேன். விடியும்வரை ஒரு மிளகாய்கூடக் கடிக்கவில்லை. நான்தான் நன்றாகத் தூங்கியிருந்தேனே.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பார்க்கப் போகும்போதெல்லாம், "தூங்குனீங்களா அண்ணாச்சி, கண்ணு செவந்து கெடக்கே," என்பான். அவன் என் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மன்னிச்சிருல என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் போனேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் திரும்பி வருவதற்குள் கோலியில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன், இனி ஜன்னலோரப் பாய் ராத்திரியும் பகலும் மாசானத்துக்குத்தான் என்று. நான் ஆம்புலன்ஸ் ஷெட்டில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வந்ததும் அவனிடமும் சொன்னேன், தலையாட்டினான்.

மறுநாள் காலை ட்யூட்டி முடிந்து அவனுக்குப் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான். சத்தம் கேட்கக் கூடாதென்று வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். அந்தச் சத்தம் போதுமாயிருந்தது. கண்ணைத் திறக்காமலே எழுந்துவிட்டான். கட்டுப்போட்ட கையை உயரத் தூக்கிக்கொண்டு, இடது கையால் பாயைத் தட்டிவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

"படுங்க அண்ணாச்சி."

"நீ படுல."

அவன் படுக்கவில்லை. நானும் உட்காரவில்லை. டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. பாயில் அவன் முதுகின் வேர்வை தோள் அகலத்துக்கு ஈரமாகத் தெரிந்தது. அது ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டு வர, நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.